லைன்ல இருங்க!

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பெரியப்பா கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

"லைன் ப்ரொட்யூஸர்" என்றார் என் மாமா, கொஞ்சம் கம்பீரமாகவே.

பெரியப்பா மின்சார வாரியத்தில் ரிடையர் ஆனவர். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! எந்த சப்-ஸ்டேஷன்?"

சினிமா என்று விளக்கியதும் மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. பஜ்ஜித் தட்டைக்கூட லேசாக அவர் பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரி எனக்கு ஒரு பிரமை.

"அப்போ படம் எடுக்கறவரா?"

"எடுக்க வைக்கறவர்."

"சொந்தப் பணமா?"

"இல்லீங்க, முதலாளி பணம்."

"லாபம் வந்தா பங்கு உண்டா?"

"கிடையாதுங்க."

"நஷ்டம் வந்தா?"

மாமா கொஞ்சம் யோசித்து, "திட்டுல பங்கு உண்டுங்க" என்றார். மாமா உண்மை விளம்பி.

அப்படியும் அந்தப் பெண்ணையே எனக்குக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். என் சம்சாரம் இன்று வரை அக்கம் பக்கத்தில், "அவரு சினிமா கம்பெனியில கணக்கு மாதிரி பாக்கறாரு" என்றுதான் சொல்லி வருகிறாள். 'மாதிரி' என்ற வார்த்தையில் என் மொத்த உத்தியோகமும் அடங்கிவிடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வங்கி ஊழியர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "வாராவாரம் உங்கள் புலம்பலைப் படிக்கிறேன். ப்ரொட்யூஸர் தெரியும். லைன் ப்ரொட்யூஸர் என்றால் என்ன? லைன் அடிப்பவரா?" மற்ற யாராவது கேட்டிருந்தால் விட்டிருப்பேன். வங்கிக்காரர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். நாளைக்கே லோனுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கேளுங்கள் ஸார். ஹாலிவுட்டில் ஒரு படத்துக்கு பட்ஜெட் போட்டால் அதன் முதல் பக்கத்தில் செலவுத் தலைப்புகளை வரிசையாக எழுதி, நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு மேலே கதை உரிமை, எழுத்தாளர், ப்ரொட்யூஸர், டைரக்டர், முக்கியமான நடிகர் நடிகைகள். கோட்டுக்குக் கீழே மற்ற அத்தனை பேரும். கேமரா, லைட், ஆர்ட், மேக்கப், காஸ்ட்யூம், வேன், டீசல், இட்லி, சட்னி. மேலே இருப்பவை எல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடித்த தொகை. கீழே இருப்பவைதான் தினம் தினம் ஓடிக்கொண்டே இருக்கும் மீட்டர். அந்த மீட்டரின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எவனோ, அவன் லைன் ப்ரொட்யூஸர்.

கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு போஸ்டரில் பெயர் வரும். கீழே உள்ளவர்களின் பெயர் தியேட்டரில் லைட் போட்டு, நீங்கள் செருப்பைத் தேடும்போது ஓடும். தயவுசெய்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நானும் அதில்தான் இருக்கிறேன்.

கோடம்பாக்கத்துக்கு இந்த வேலை புதிதல்ல, பெயர்தான் புதிது. புரொடக்ஷன் மேனேஜர், தயாரிப்பு நிர்வாகி, தயாரிப்பு மேற்பார்வை என்று எத்தனையோ பட்டங்களில் எத்தனையோ பேர் கக்கத்தில் தோல் பையோடு இதே வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையில் பணம் இருக்கும். இல்லாவிட்டால் இருக்கிற மாதிரி பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். இப்போது பை போய் லேப்டாப் வந்திருக்கிறது. பிடித்துக்கொள்ளும் விதம் மாறவில்லை.

கதாசிரியர்களிடம் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. ஸ்கிரிப்டில் சர்வ சாதாரணமாக எழுதிவிடுவார்கள்: 'மழை பெய்கிறது.' ரெண்டே வார்த்தை. வானத்து மழை கேமராவுக்குச் சரிப்படாது. வேண்டிய நேரத்தில் வராது, வந்தால் நிற்காது. ஆகவே நாமே பெய்விக்க வேண்டும். 12,000 லிட்டர் தண்ணி லாரி எத்தனை, பம்ப் எத்தனை, உயரத்தில் குழாய் கட்ட ஆள் எத்தனை, நடிகை நனைந்தால் மறு டேக்குக்குக் காய்ந்த புடவை எத்தனை, அதே கலரில் கடையில் இருக்கிறதா, தலை உலர்த்த மிஷின், துவட்ட டவல், குடிக்கச் சுக்குக் காப்பி, அப்படியும் அம்மணிக்கு ஜுரம் வந்தால் மறுநாள் ஷூட்டிங் என்ன ஆவது... இவ்வளவும் அந்த ரெண்டு வார்த்தைக்குள் இருக்கிறது. 'தூறுகிறது' என்று எழுதியிருந்தால் ஒரு லாரி மிச்சமாகியிருக்கும். கேட்டால், "சோகத்துக்குத் தூறல் பத்தாது ஸார்" என்கிறார்.

'ஊரே திரண்டு நிற்கிறது' என்று எழுதுகிறவரை நான் நேரில் பார்த்தாலே வேறு தெருவில் திரும்பிவிடுவேன். ஊர் திரள்வது சுலபம் ஸார். திரண்ட ஊர் மத்தியானம் சாப்பாடு கேட்கும்.

ஆக, ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் முதல் வேலை அதைப் பிணப் பரிசோதனை மாதிரி அறுத்து வைப்பது. ஒவ்வொரு சீனிலும் யார் யார், எந்த இடம், பகலா இரவா, என்னென்ன பொருள், எத்தனை ஆள். பிறகு சீனுக்கு ஒரு பட்டை. பகல் உட்புறம் என்றால் வெள்ளை, பகல் வெளிப்புறம் மஞ்சள், இரவு உட்புறம் நீலம், இரவு வெளிப்புறம் பச்சை. முன்பெல்லாம் அட்டைப் பட்டைகளைப் பலகையில் செருகுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் நகர்த்துகிறோம். இந்தப் பட்டைகளைக் கதை வரிசையில் அடுக்கினால் முதலாளி மஞ்சள் கடிதாசி கொடுக்க வேண்டியதுதான். இடத்தின் வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தால் அந்த வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். அதனால்தான் எங்கள் ஊரில் காலையில் தாத்தா காரியம், மத்தியானம் தாத்தாவுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, சாயந்திரம் அதே தாத்தா பேரனுக்குப் பெண் பார்க்கிறார். ஒரு பெரிய நடிகர் என்னிடம், "யப்பா, இப்ப நான் இருக்கேனா, போயிட்டேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேரில் உட்காருவார்.

சொல்ல மறந்துவிட்டேனே, ஆடு! நம் கதைகளில் ஆடு, மாடு, கோழி இல்லாமல் கிராமமே கிடையாது. 2001ல் வந்த விதிகள்படி, படத்தில் ஒரு பிராணியை நடிக்க வைத்தால் விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். என்ன பிராணி, யாருடையது, அதை என்ன செய்யச் சொல்லப் போகிறோம், கால்நடை டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து. வாரியத்தின் சான்று இல்லாவிட்டால் சென்ஸாரில் நிற்க வேண்டியிருக்கும். முன்பு அந்த ஆபீஸ் நம் சென்னையிலேயே இருந்தது. நேரில் போய் முகத்தைக் காட்டலாம், அசடு வழியலாம். இப்போது ஹரியானாவில் பல்லப்கட் என்ற ஊருக்குப் போய்விட்டது. ஆனைமலை அடிவாரத்தில் மேயும் ஆடு, "மே" என்று சொல்ல ஹரியானாவில் உத்தரவு வாங்க வேண்டும். நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் சினிமாவில் குதிரையும் மாடும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த விதி வேண்டியதுதான். ஆட்டுக்கு இத்தனை காகிதம் இருக்கிறதே என்று மட்டும் அடிக்கடி தோன்றும். ஏன் தோன்றுகிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உங்கள் ஆபீஸில் அட்மின் மேனேஜர் என்று ஒருத்தர் இருப்பாரே... ஸ்டேப்ளர் பின் பாக்கெட்டுக்கு இண்டெண்ட் போடச் சொல்லி, "போன மாசம் வாங்கினது என்ன ஆச்சு?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவரைக் கொண்டுபோய் 120 பேரோடு ஒரு பொட்டல்காட்டில் விட்டு, தினமும் ஆபீஸை இடம் மாற்றி, தினமும் அத்தனை பேருக்கும் சம்பளமும் பேட்டாவும் சாப்பாடும் அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அதுதான் நான்.

கால்ஷீட் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. குறித்த நேரம் வரை ஒரு சம்பளம். தாண்டினால் ஒன்றரை. இன்னும் தாண்டினால் டபுள். டைரக்டர் வானத்தைப் பார்த்து, "அந்த மேகம் இப்படி வரட்டும்" என்று மோவாயைத் தடவும்போது நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு மேகம் நகர்கிறது. எனக்கு ஒன்று ஒன்றரையாக நகர்கிறது. ஃபிலிம் காலத்தில் இன்னொரு பயமும் உண்டு. 1,000 அடி ரோல் ஓடினால் 11 நிமிஷம். அவ்வளவுதான், தீர்ந்தது. அதனால் "டேக்" சொல்வதற்கு முன் எல்லோருமே ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் வந்த பிறகு யாரும் மூச்சை இழுப்பதில்லை. 23-வது டேக்கில் நான் மட்டும் இழுத்துக்கொண்டிருப்பேன்.

இதனால் யூனிட்டில் எனக்கு நல்ல பெயர் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. 'கஞ்சம்', 'கறார்', 'எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டான்' (காக்காவுக்கும் பர்மிஷன் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது). முதலாளியோ, "நீ டைரக்டர் ஆளுய்யா, அவர் கேக்கறதை எல்லாம் குடுக்கறே" என்பார். ஒரே நாளில் ரெண்டு பக்கமும் இதைக் கேட்டால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு திட்டம் போட்டாலும் தெய்வம் என்று ஒன்று இருக்கிறது. அதனால்தான் பட்ஜெட்டின் கடைசியில் பத்து சதவிகிதம் 'எதிர்பாராத செலவு' என்று ஒதுக்குவது வழக்கம். டெர்ரி கில்லியம் என்ற டைரக்டர் 2000-ம் வருஷம் ஸ்பெயின் தேசத்தில் டான் க்விக்ஸாட் கதையைப் படமெடுக்கப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தால், தலைக்கு மேல் போர் விமானங்கள் பயிற்சிக்குப் பறக்கின்றன. வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. ரெண்டாம் நாள் பேய் மழை, வெள்ளம் வந்து சாமான்களை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து பார்த்தால் பூமியின் கலரே மாறியிருக்கிறது. முன்னால் எடுத்த ஷாட்டோடு சேராது. அதற்குள் குதிரை மேல் உட்கார வேண்டிய ஹீரோவுக்கு முதுகுவலி. பாரிஸுக்கு டாக்டரைப் பார்க்கப் போனவர் திரும்பவே இல்லை. படம் கைவிடப்பட்டது. இந்தக் கூத்தை அப்படியே பதிவு செய்து 'லாஸ்ட் இன் லா மான்ச்சா' என்று 2002ல் ஒரு டாக்குமெண்டரியாக வெளியிட்டார்கள். கில்லியம் விடவில்லை. வேறு நடிகர்களை வைத்து 2018ல் படத்தை முடித்து வெளியிட்டார். மற்றவர்கள் அந்த டாக்குமெண்டரியைச் சிரித்துக்கொண்டே பார்ப்பார்களாம். நான் அதை ஒரே தடவைதான் பார்த்தேன். பேய்ப் படம் பார்க்கும் வயசு தாண்டிவிட்டது.

ஆனால் தெய்வத்தின் மேல் பழி போட முடியாத விஷயங்களும் உண்டு. இத்தனை வாரம் எழுதியும் அதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். வங்கிக்காரர் கேட்டதால் சொல்லிவிடுகிறேன்.

2011. ஆனைமலைப் பக்கம் 18 நாள் ஷெட்யூல். பொள்ளாச்சியில் லாட்ஜ். பட்ஜெட் கொஞ்சம் இழுவையாக இருந்ததால், கிளம்புவதற்கு முன்பே பேப்பரை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தேன். எந்த வரியை அடிக்கலாம், எதை அடித்தால் யாருக்கும் தெரியாது என்று பார்ப்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமையே உண்டு. ஒரு வரி: 'வேன் 2, மாற்று டிரைவர், பேட்டா 400.' ஒரு வண்டிக்கு எதற்கு ரெண்டு டிரைவர்? ஸ்டீயரிங் ஒன்றுதானே! அடித்தேன். 18 நாளைக்கு 7,200 ரூபாய் மிச்சம். முதலாளி கணக்கைப் பார்த்துவிட்டு, "இதான்யா உன்கிட்ட எனக்குப் புடிச்சது" என்றார்.

ஷெட்யூலும் நன்றாகவே போயிற்று. கடைசி நாள் ராத்திரி சீன். முடிந்ததும் லாட்ஜில் படுத்து, மறுநாள் காலையில் சென்னைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் பத்தரை மணிக்கே பேக்-அப் சொல்லிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். இப்போதே ரூமைக் காலி பண்ணினால் 28 ரூம் வாடகை மிச்சம். காலை டிபன் மிச்சம். ஒரு நாள் பேட்டா மிச்சம். "நைட்டே கிளம்பிடலாமா?" என்று கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். 18 நாள் கழித்து வீட்டுக்குப் போகிறவன் கைதட்டாமல் என்ன செய்வான்?

வேன் டிரைவர் மட்டும் தட்டவில்லை. அன்று காலை நாலரை மணிக்கே மேக்கப்காரர்களை ஏற்றிக்கொண்டு லொகேஷனுக்கு வந்தவர் அவர். அப்புறம் நாள் பூராவும் லொகேஷனுக்கும் லாட்ஜுக்கும் ட்ரிப். என்னிடம் வந்து, "ஸார், ஒரு ரெண்டு மணி நேரம் தலையைச் சாய்ச்சுட்டு எடுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோயம்புத்தூர் தாண்டி டீ சாப்பிட்டுக்கலாம்ணே" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதற்கு வவுச்சர் கிடையாது.

லைட்மேன் அண்ணன் ஒருத்தர், வயசில் என்னைவிட மூத்தவர், "நீங்க கவலைப்படாதீங்க ஸார், நான் முன் சீட்ல உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வர்றேன்" என்று ஏறிக்கொண்டார். அவரும் காலையிலிருந்து லைட் தூக்கியவர்தான். நான் முன்னால் போன காரில் ஏறினேன். கார் டிரைவர் மத்தியானம் நன்றாகத் தூங்கியவர். நான் கோயம்புத்தூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

சேலம் தாண்டி, ஆத்தூருக்கு முன்னால் போன் அடித்தது. மணி 4.40. வேன், ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய் இடித்துவிட்டது. காரைத் திருப்பிக்கொண்டு போனபோது 108 வந்துவிட்டிருந்தது. வேனில் 14 பேர். யாரும் சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். டிரைவருக்கு விலா எலும்பு. லைட்மேன் அண்ணனுக்கு வலது கால் ரெண்டு இடத்தில் முறிவு. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, தையல். பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். சேலத்துக்கு அப்புறம் எப்போது பேச்சு நின்றது என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் மூளை பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டது. ஆபரேஷன், வேன் ரிப்பேர், லாரிக்காரருக்கு, இதர. எதிர்ப்பக்கத்தில் 7,200. போட்ட பிறகு வெட்கமாக இருந்தது. முதலாளி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உடனே அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும்.

லைட்மேன் அண்ணனின் சம்சாரம் பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் காலைப் பார்த்தார், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமையிலேர்ந்து வேற படத்துக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாரு ஸார். அவங்களுக்கு நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிடறீங்களா? சொல்லாம நின்னுட்டாருன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார்.

போன் போட்டேன். ஏழு மாசம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை.

போலீஸ் கேஸ் டிரைவர் பேரில். தூங்கியது அவர்தானே! எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் இருந்தது, லாரி நம்பர் இருந்தது, மணி இருந்தது. 'அன்னாரை ரெண்டு மணி நேரம் படுக்க விடாதவர்' என்று ஒரு காலம் அதில் கிடையாது. எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன். 1997ல் அமெரிக்காவில் 'ப்ளெஸண்ட்வில்' என்ற படத்தில் வேலை பார்த்த உதவி கேமராமேன் ஒருவர் 19 மணி நேரம் உழைத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் தானே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது ஸ்டீயரிங்கிலேயே தூங்கி இறந்துபோனார். 35 வயசு. ஹாஸ்கெல் வெக்ஸ்லர் என்ற ஒளிப்பதிவு மேதைக்கு அது மனசில் தைத்து, தூக்கம் கெட்ட சினிமாக்காரர்களைப் பற்றியே 2006ல் ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். 2014ல் ஜார்ஜியா மாநிலத்தில் இன்னொன்று. ரயில்வே கம்பெனி அனுமதி மறுத்த தண்டவாளத்தில் ஷூட்டிங் வைத்தார்கள், ரயில் வந்தது, ஓர் உதவி கேமரா பெண் இறந்தாள். அங்கே காகிதத்தில் பெயர்கள் ஏறின. டைரக்டர் ஜெயிலுக்குப் போனார். புரொடக்ஷன் மேனேஜராக இருந்தவருக்கு 10 வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. அந்த மேனேஜரின் இடத்தில் என் பெயரைப் போட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். பொருந்தித்தான் இருந்தது.

அடுத்த படத்துக்கு பட்ஜெட் போட்டபோது, ஒவ்வொரு வேனுக்கும் ரெண்டாவது டிரைவர் என்று எழுதிக்கொண்டு போனேன். அது வேறு முதலாளி. நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கும் சிவப்புப் பேனா உண்டு. "ஏம்ப்பா, வண்டிக்கு ரெண்டு டிரைவரா? ஸ்டீயரிங் ஒண்ணுதானே!" என்று என் வசனத்தையே சிரித்துக்கொண்டு சொன்னார். அடித்துவிட்டார். ஆனைமலைக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சகுனம் பாத்துக்கிட்டு இருந்தா தொழில் நடக்குமா?" என்றார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். டீசலைக்கூட அரை லிட்டர் குறைத்தார். ஒரே ஒரு வரியில் மட்டும் அவர் பேனா நிற்காமல் தாண்டிப் போவதைக் கவனித்தேன்.

'பூஜை, தேங்காய், பூசணிக்காய் வகையறா.'

எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன் ஸார். ஹீரோயின் சம்பளத்தைக் குறைப்பார்கள். இட்லியை நாலிலிருந்து மூணாக்குவார்கள். கற்பூரத்தில் கை வைத்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து புதுசாக டைப் அடித்தேன். பூஜை வகையறா, தினசரி. ஓகே ஆகி வந்துவிட்டது. அந்த ஷெட்யூல் முழுக்க ரெண்டாவது டிரைவர் அண்ணன் பகலில் லாட்ஜில் ஃபேனுக்கு அடியில் குறட்டை விட்டுத் தூங்குவார். அந்தக் குறட்டையைக் கேட்பதற்காகவே சில சமயம் அந்தப் பக்கமாக நடந்து போவேன். ஆள் பார்த்தால், பேட்டா கொடுத்துத் தூங்க வைக்கிறான், பைத்தியம் என்பான்.

படம் முடிந்து ஃபைனல் செட்டில்மெண்ட். முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா... 22 நாள் ஷெட்யூல்ல 22 நாளும் பூஜை போட்டிருக்கே?"

"ஆமாங்க முதலாளி."

"கடைசி நாள் ராத்திரி ரெண்டு பூஜை?"

"அன்னிக்கு நைட்டே சென்னைக்குக் கிளம்பினோங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் இருந்த பிள்ளையார் காலண்டரைப் பார்த்தேன். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"வண்டி எல்லாம் நல்லபடியா வந்து சேந்துச்சா?"

"வந்துச்சுங்க."

கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். "டீசல் ஏன் ஜாஸ்தியா இருக்கு?"